நாடகப் பாத்திரமும் மனவடுவும்

பாத்திரமொன்று ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றது என்ற வினாவுக்கு இன்றைய நாவலும் நாடகமும் திரைப்படமும் பெரும்பாலும் ஒரே வகையான விடையையே அளித்து வருகின்றன. அப்பாத்திரத்தின் இளமையில் ஒரு கொடுமை நிகழ்ந்திருக்கின்றது. அது நெடுங்காலம் மறைத்து வைக்கப்படுகின்றது. கதையின் முக்காற்பங்கு கடந்த பின்னர் ஏதோவோர் இரவுக் காட்சியில் அது வெளிப்படுகின்றது. அதுவரை புதிராயிருந்த குடியும் சினமும் மௌனமும் அக்கணமே விளக்கம் பெற்றுவிடுகின்றன. எழுதப் பயில்வோருக்கு இது ஒரு விதியாகவே போதிக்கப்படுவதும் உண்டு. காயப்படாத பாத்திரத்தில் ஆழமில்லை, ஆழமில்லாத பாத்திரத்தால் நாடகமில்லை என்பது அவ்விதியின் சாரம். உலக நாடகத்தின் தலைசிறந்த ஆக்கங்களோடு வைத்து நோக்கும்போது இவ்விதி எவ்வளவுக்கு நிலைக்கும் என்பது ஆராயத்தக்கது.

இக்கருத்தின் வரலாறு நீண்டதன்று. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரரின் உளநிலை பற்றிய விவாதங்களைத் தொடர்ந்து, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கைந்நூலின் மூன்றாம் பதிப்பிலேயே ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ தனியொரு நோயாக முதன்முதலில் இடம்பெற்றது. துன்புற்றோர் பலருக்கு அது பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் மருத்துவர் கடந்தகாலத்தை வினவுவது நோயைத் தணிப்பதற்காக. நாடகாசிரியன் அதே வினாவை எழுப்பும்போது அவனுக்கு வேண்டியது வேறொன்று. இவ்வேறுபாடு மறக்கப்பட்டமையால் நேர்ந்த விளைவுகளைப் பருல் சேகல் என்னும் திறனாய்வாளர் 2021 இன் இறுதியில் நியூ யோர்க்கர் இதழில் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். மனவடுவை அச்சாகக் கொண்ட கதை பாத்திரத்தை நோய்க்குறிகளின் தொகுதியாகச் சுருக்கிவிடுகின்றது என்பது அவரது முறைப்பாடு. நாடக வரலாற்றின் பழைய ஏடுகளைப் புரட்டுவோருக்கு இவ்வாதத்தை வலுப்படுத்தும் சான்றுகள் பல கிடைக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது ஒதெல்லோ நாடகம் உருவான வரலாறாகும். இத்தாலிய எழுத்தாளரான ஜிரால்டி சிந்தியோ 1565 இல் வெளியிட்ட கதைத் தொகுதியொன்றே சேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்தது. அம்மூலக் கதையிலே கொடிதாங்கியாகிய தீயவனின் செயலுக்குத் தெளிவான காரணம் உண்டு. அவன் டெஸ்டிமோனாவை விரும்புகின்றான். அவளோ அவனைப் பொருட்படுத்துகின்றாளில்லை. அவள் வேறொருவனை விரும்புவதாக எண்ணி அவன் கொண்ட காதல் வெறுப்பாக மாறுகின்றது. புறக்கணிக்கப்பட்ட காதலனின் பழிவாங்கலாக இக்கதை எவருக்கும் எளிதில் விளங்கும். 1603, 1604 ஆம் ஆண்டளவில் இதனை நாடகமாக்கிய சேக்ஸ்பியர் கையிலிருந்த அக்காரணத்தை ஏறத்தாழ முற்றாகவே களைந்துவிட்டார். அவரது இயாகோ காரணங்கள் கூறாமலில்லை. பதவியுயர்வு கசியோவுக்குப் போய்விட்டது என்கின்றான். ஒதெல்லோ தன் மனைவியோடு தொடர்புகொண்டதாக ஊரில் பேச்சு அடிபடுகின்றது என்கின்றான். அது மெய்யோ பொய்யோ தானறியேன், ஆயினும் மெய்யென்றே கொண்டு நடப்பேன் என்றும் சேர்த்துக்கொள்கின்றான். சிறிது நேரங் கழித்துக் கசியோ மீதும் அதே ஐயத்தைச் சுமத்துகின்றான். ஒரு காரணம் போதுமானதாயிருப்பின் இத்தனை காரணங்கள் வேண்டியதில்லை. காரணமற்ற கொடுமை தனக்குக் காரணம் தேடி அலைவதாகக் கோல்ரிட்ஜ் இதனை இனங்கண்டமை திறனாய்வுலகம் நன்கறிந்த செய்தி.

இறுதிக் காட்சியில் ஒதெல்லோ கேட்பது இன்றைய வாசகன் கேட்கும் அதே வினாவையே: என்னை ஏன் இவ்வாறு செய்தான்? இயாகோ விடையளிக்க மறுத்து, இனி ஒரு சொல்லும் பேசுவதில்லை என வாய்மூடுகின்றான். அவ்விடத்தில் அவனுக்கு ஓர் இளமைக்காலத் துயர் வழங்கப்பட்டிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். அவையோர் பெருமூச்சு விட்டு, “அதுதானா செய்தி” எனத் தேறி எழுந்திருப்பர். டெஸ்டிமோனாவின் சடலம் கட்டிலிற் கிடக்க, அவையின் இரக்கம் கொலைக்கு வித்திட்டவன் பக்கம் சாய்ந்திருக்கும். சேக்ஸ்பியரின் நாடகத்திலோ அவை தன்னை நோக்கியே வினவவேண்டியதாகின்றது: இத்துணை வெளிப்படையான பொய்யை ஒதெல்லோ எவ்வாறு நம்பினான், அவன் நம்பும்போது அதனை இவ்வளவு ஆர்வத்தோடு பார்த்திருந்தோமே, ஏன்?

அண்மைக்காலத் திரைப்பட உலகிலும் இவ்வேறுபாடு ஒரே பெயருடைய பாத்திரத்தினூடாகப் புலப்பட்டது. 2008 இல் வெளிவந்த ‘த டார்க் நைட்’ படத்து ஜோக்கர் தன் முகத்து வடுக்களுக்கு ஒருவரிடம் ஒரு கதையும் மற்றொருவரிடம் வேறொரு கதையும் சொல்கின்றான், எதனையும் நம்புவதற்கில்லை. 2019 இல் வெளிவந்த ‘ஜோக்கர்’ படமோ அவனுக்கு இளமையில் இழைக்கப்பட்ட வன்கொடுமையை ஆவணத்தோடு நிறுவிக்காட்டியது. இரண்டாவதில் அவன்மீது இரக்கம் பிறக்கின்றது. முன்னையதில் அவன் எழுப்பிய அச்சம் இதில் இல்லை.

லியர் மன்னன் நாடகம் இன்னுஞ் சுவையான சான்றாகும். 1594 அளவில் மேடையேறி 1605 இல் அச்சான, ஆசிரியர் பெயர் அறியப்படாத பழைய நாடகமொன்றும் இதே மன்னன் கதையைக் கூறுகின்றது. அந்நாடகத்தில் மன்னனின் மனைவி அண்மையில் இறந்துள்ளாள். துயருற்ற கிழவன் அரசு துறக்க விரும்புகின்றான். விரும்பியவனையே மணப்பேன் என நிற்கும் இளையமகளைத் தான் தெரிந்த அரசனுக்கு மணஞ்செய்விக்க, அன்பை அளக்கும் சோதனையை ஒரு பொறியாக அமைக்கின்றான். துயரும் உண்டு, நோக்கமும் உண்டு. எல்லாம் பொருத்தமாகவே உள்ளன. சேக்ஸ்பியர் இரண்டையும் நீக்கிவிட்டார். அவரது லியர் நாட்டுப்படத்தை விரித்துவைத்து, யார் என்னை மிகுதியாக நேசிக்கின்றீர் எனத் திடீரெனக் கேட்கின்றான். இறந்த மனைவியைப் பற்றிப் பின்னொருகால் சினத்தினிடையே ஒரு சொல் வருகின்றதே தவிர, அவளது இழப்பு அவன் செயலுக்குக் காரணமாக எங்கும் சுட்டப்படவில்லை.

தோல்ஸ்தோய் இதனைக் கண்டு கொதித்தார். 1906 இல் வெளியான தம் கட்டுரையில், காரணகாரியத் தொடர்பு தெளிவாயமைந்த பழைய நாடகமே சேக்ஸ்பியரின் நாடகத்திலும் மேலானதென அவர் நிறுவ முற்பட்டார். பழைய நாடகத்தில் மன்னனின் செயல் விளங்குகின்றது, புதியதில் விளங்கவில்லை என்பதில் அவர் பிழைபடவில்லை. மனித உள்ளத்தை அவரளவுக்கு அறிந்த எழுத்தாளர் சிலரே என்பதால் அவரது எதிர்ப்பை எளிதிற் புறந்தள்ளவும் இயலாது. எனினும் பழைய நாடகம் இன்று ஆய்வாளர் மேசையிலன்றி வேறெங்கும் உயிரோடில்லை. அந்நாடகத்து மன்னனின் தவறு அவனுடைய தனிப்பட்ட சூழ்நிலைக்குரிய தவறு; அச்சூழ்நிலை இல்லாதவன் அதனைத் தள்ளிநின்று பார்க்கலாம். சேக்ஸ்பியரின் லியர் செய்வதற்கு முன்கதை இல்லாமையாலேயே, பிள்ளைகளிடம் அன்பைச் சொல்லிக் காட்டுமாறு எதிர்பார்க்கும் எந்தத் தந்தையும் தாயும் அதனின்று தப்ப முடிவதில்லை. சீதனக்காணி எழுதும் நாளில் யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் இக்காட்சி எத்தனை முறை நடந்தேறியிருக்கும்!

முன்கதையை அவர் முற்றாக வெறுத்தாரெனவும் கூறவியலாது. அதே நாடகத்தில் முறைதவறிப் பிறந்த எட்மண்டைத் தந்தை குளொஸ்டர் முதற்காட்சியிலேயே பிறர்முன் ஏளனமாகப் பேசுகின்றான். எட்மண்டின் வஞ்சத்துக்கு அது போதிய காரணமாகலாம். ஆயின் குளொஸ்டரின் கண்களைப் பிடுங்குவது எட்மண்டன்று. முன்கதை எதுவும் வழங்கப்படாத ரீகனும் அவள் கணவனுமே அதனைச் செய்கின்றனர்.

இனி, மனவடுக் கொள்கையினர் தமக்குரியதெனக் கருதும் கிரேக்க நாடகத்துக்கு வரலாம். கி.மு. 441 அளவில் அரங்கேறியதாகக் கொள்ளப்படும் சோபொக்கிளீசின் அன்ரிகனியில், நாயகியின் கடந்தகாலத்தை விடக் கொடியதொரு கடந்தகாலத்தைக் கற்பனை செய்வதும் அரிது. தந்தை அறியாது தன் தாயையே மணந்தவன். உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்டவன். தாய் தூக்கிட்டு இறந்தாள். அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் ஒரே நாளிற் கொன்றனர். தடையை மீறி அண்ணனை அடக்கஞ்செய்யும் அவளது துணிவுக்கு இத்தனையும் காரணமெனக் கூறிவிடலாமன்றோ?

சோபொக்கிளீஸ் அவ்வாறு கூறுவதற்கு இடம் வைக்கவில்லை. அன்ரிகனிக்கு இஸ்மீன் என்றொரு தங்கையை அவர் அருகில் நிறுத்தியுள்ளார். இருவருக்கும் ஒரே தந்தை, ஒரே தாய், ஒரே இழப்புகள். நாடகத்தின் முதற்காட்சியில் இக்கொடுமைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கூறுபவள் இஸ்மீன். அதுவும் அண்ணனை அடக்கஞ்செய்யாதிருப்பதற்கான காரணமாக! இத்தனை பட்டோம், எஞ்சியது நாமிருவரே, அரசாணையை மீறி நாமும் அழியவேண்டுமா என்பது அவள் வாதம். அது கோழையின் வாதமன்று, நியாயமான வாதம். ஒரே கடந்தகாலம் ஒருத்தியைச் செயலுக்கும் மற்றவளைச் செயலின்மைக்கும் இட்டுச்செல்லுமாயின், அக்கடந்தகாலம் இருவரின் முடிவையும் விளக்கப் போதாது என்பது தெளிவு. நாடகம் அவ்விடைவெளியிலேதான் நிகழ்கின்றது. பின்னர் தங்கை மனம்மாறிப் பழியைப் பகிர முன்வரும்போது அன்ரிகனி கடுஞ்சொல்லோடு மறுக்கின்றாள். அம்மறுப்பிற் செருக்கும் உண்டு, தங்கையைக் காக்கும் நோக்கமும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இவ்வாதத்துக்கு மாறான எடுத்துக்காட்டாக இப்சன் முன்வைக்கப்படலாம். கடந்தகாலத்தைச் சிறிது சிறிதாகத் திறந்துகாட்டும் உத்தியில் அவரை விஞ்சியவர் இலர். 1881 இல் வெளிவந்த ‘ஆவிகள்’ நாடகம் ஏறத்தாழ முழுவதுமே முன்கதையின் வெளிப்பாடு. எனினும் அந்நாடகம் எங்கே முடிகின்றது என்பது கவனிக்கற்பாலது. மூளை சிதைந்த மகன், தான் முன்னரே வேண்டிக்கொண்டவாறு நஞ்சாகத்தக்க மருந்தைத் தாய் தனக்குக் கொடுக்கவேண்டிய நிலையில் அமர்ந்திருக்கின்றான். திருமதி அல்விங் கொடுப்பதா விடுப்பதா என அலறித் தடுமாறுகையில் திரை விழுகின்றது. மூன்று அங்கங்களாக அகழ்ந்தெடுக்கப்பட்ட கடந்தகாலம் அந்த ஒரு கணத்துக்கு எவ்வித உதவியும் செய்வதில்லை. இப்சனைப் பின்பற்றியோர் பலர் அகழ்தலைக் கற்றுக்கொண்டு இம்முடிவைக் கற்காது விட்டனர். உளப்பகுப்பாய்வின் தந்தையான புரொய்ட் 1916 இல் எழுதிய கட்டுரையொன்றில் இப்சனின் ரெபேக்கா வெஸ்டைத் தெளிவாக விளக்கிக்காட்டியவர், சீமாட்டி மக்பெத்திடம் வந்தபோது திட்டமான முடிவுக்கு வர இயலவில்லை என ஒப்புக்கொள்கின்றார்.

செக்கோவின் முறை வேறு. 1904 இல் மேடையேறிய ‘செரித் தோட்டம்’ நாடகத்தில் காயங்களுக்குக் குறைவில்லை. சீமாட்டி ரனேவ்ஸ்காயாவின் சிறுமகன் ஆற்றில் மூழ்கி இறந்தவன். லொப்பாகினைச் சிறுவயதில் அவன் தந்தை மூக்கில் இரத்தம் வரும்வரை அடித்தவன். இவற்றைச் செக்கோவ் மறைத்துவைத்துப் பின் வெளியிடுவதில்லை. தேநீர்க்கும் பயணக் களைப்புக்கும் இடையே முதலங்கத்திலேயே சாதாரணப் பேச்சாக வந்து போகின்றன. நான்காம் அங்கத்தில் லொப்பாகினும் வார்யாவும் தனித்து விடப்படுகின்றனர். அவன் அவளை மணக்கக் கேட்பானென வீட்டார் அனைவரும் எதிர்பார்த்திருக்கின்றனர். அவனும் அதற்கு இசைந்தே வந்தவன். இருவரும் குளிரைப் பற்றியும் உடைந்துபோன வெப்பமானியைப் பற்றியும் பேசுகின்றனர். வெளியே யாரோ அழைக்க அவன் விரைந்து போய்விடுகின்றான். அவள் மூட்டைமீது தலைசாய்த்து அழுகின்றாள். ஏன் கேட்கவில்லை? தந்தையின் அடியைக் காரணமாக்கினால் அக்காட்சி அக்கணமே செத்துவிடும்.

தமிழ் மரபில் இவ்வினாவுக்கு மிக நெருங்கிய பாத்திரம் கர்ணன். பிறந்தவுடன் ஆற்றில் விடப்பட்டவன், குலத்தின் பெயரால் அவையில் இழிவுபட்டவன். ஈழத்துக் கூத்து மரபு அவனைப் பெரிதும் போற்றியது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செம்மைப்படுத்தி மேடையேற்றிய கூத்துகளுள் கர்ணன் போர் குறிப்பிடத்தக்கது. கூத்தின் அவைக்குக் கர்ணனின் பிறப்பு இரகசியமன்று. களரிக்கு வருமுன்னரே அது யாவரும் அறிந்த செய்தி. அங்கே விடியும்வரை விழித்திருப்போர் அவனது கடந்தகாலத்தை அறிவதற்காக விழித்திருப்பதில்லை. பாரதத்தில் அக்கடந்தகாலம் அவனுக்கு வெளிப்படுத்தப்படுவது ஒரு விலையாக: பாண்டவர் பக்கம் வா, மூத்தவனாக அரசுகொள். பிறந்தநாள் தொட்டு இழந்தவையெல்லாம் ஒரே சொல்லில் மீண்டும் கிடைக்கும் அவ்வேளையில் அவன் மறுக்கின்றான். காயம்பட்டவன் என்பதற்காக அல்ல, காயத்துக்கு ஈடு வந்தபோது கைநீட்டாதவன் என்பதற்காகவே அவன் நினைக்கப்படுகின்றான்.

இவ்விவாதம் ஈழத்தில் வெறும் உத்தி பற்றியதாக நின்றுவிட முடியாது. முன்கதை தேடி எழுத்தாளன் அலையவேண்டிய நாடன்று இது. 1983 உம் 2009 உம் தொடாத வீடுகள் குறைவு. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு உட்படப் பல விசாரணைகளின் முன் மக்கள் வரிசையில் நின்று தம் இழப்பைச் சொல்ல நேர்ந்தது. அங்கே ஒரு தாய் காணாமற் போன மகனின் தாய் மாத்திரமே. அவள் சிக்கனக்காரியா, அயலவளோடு வேலிச்சண்டை பிடிப்பவளா, நகைச்சுவையாகப் பேசுபவளா என்பதற்குப் படிவத்தில் இடமில்லை, இருக்கவேண்டிய தேவையுமில்லை. ஆனால் சிறுகதையும் நாடகமும் அதே படிவத்தையே நிரப்பிக் கொடுக்குமாயின் அத்தாய்க்கு இரண்டாவது முறையும் அநீதி இழைக்கப்படுகின்றது. போருக்குப் பிந்திய ஆக்கங்கள் சிலவற்றில் பெண் பாத்திரம் அறிமுகமாகும்போதே வாசகன் அவளது இழப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகிவிட்டான். இழப்பு சொல்லப்பட்டதும் அவளுக்குச் செய்வதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘எந்தையும் தாயும்’ இதற்கு மாறாக, பிள்ளைகள் புலம்பெயர்ந்து செல்ல ஊரில் தனித்துப்போன முதியோரை எடுத்துக்கொண்டது. அவர்களது துயர் முடிந்துபோன நிகழ்ச்சியொன்றில் இல்லை. ஒவ்வொரு நாளும் எப்படிப் பொழுது போக்குவது, யாரை நம்புவது, போவதா இருப்பதா என்பதிலே உள்ளது.

முன்கதையை எங்கே வைப்பது என்பதில் இளங்கோவடிகளிடம் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி. ஊழ்வினையைத் தம் காவியத்தின் பொருள்களுள் ஒன்றாக அறிவித்தவர் அவர். அதற்கேற்ப ஒரு முன்கதையும் தருகின்றார். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரோடு கலிங்கத்துச் சிங்கபுரத்தில் அரசசேவகனாயிருந்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனப் பொய்கூறிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி உயிர்விடுகையில் சபித்தாள். கொலைக்குக் கொலை, பொய்க்குப் பொய்; முன்கதை குறைவின்றிப் பொருந்துகின்றது. ஆயின் மதுராபதித் தெய்வம் இதனைக் கூறுவது கட்டுரை காதையில். பாண்டியன் இறந்து, மதுரை எரியுண்ட பின்னர். வழக்குரைத்த வேளையில் கண்ணகிக்கும் இது தெரியாது, கேட்போருக்கும் தெரியாது.

அரசவையில் அவள் சொல்லக்கூடிய தன் கடந்தகாலம் ஒன்று இருக்கவே செய்தது. மணமான சில ஆண்டுகளில் கணவனாற் கைவிடப்பட்டவள், நெடுநாள் தனித்திருந்தவள், காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைப் பெறலாமெனத் தேவந்தி கூறியபோது அது தனக்குப் பெருமையன்றென மறுத்தவள். யாரென அரசன் வினவும்போது அவற்றுள் ஒன்றேனும் அவள் வாயில் வரவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் தன் ஊர் என்கின்றாள். கணவன் பெயரும் அவன் தந்தை பெயரும் கூறி, தன் பெயரை இறுதியிற் கூறுகின்றாள். கள்வனைக் கொல்லல் நீதியென அரசன் சொல்ல, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அவனதோ முத்து. அதற்குமேல் அங்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

தெய்வம் நீலியின் கதையைச் சொல்லி முடித்ததும் கண்ணகி மறுமொழி கூறுவதில்லை. கொற்றவை கோயில் வாயிலில் வளையல்களை உடைத்தெறிந்து, கணவனோடு கீழைவாயிலாற் புகுந்த நகரை விட்டு மேலைவாயிலால் தனியே வெளியேறுகின்றாள்.